ஐநூறு ரூபாயும் ஐநூறு கோடியும்



நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் ராத்திரி படுக்கப் போகும் முன் படியுங்கள். படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அஞ்சாம் வகுப்பிலேயே தெரியும்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தேர்தல் பேச்சு வந்தது. என் மாணவன் ஒருவன் மூன்று வரி எழுதினான். பெயர் வேண்டாம். பெங்களூரில் பெரிய கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் உயர்ந்த பொறுப்பில் இருக்கிறான். ஆசிரியர் தினத்துக்கு வருஷம் தவறாமல் போன் செய்கிற பிள்ளை. அவன் எழுதியது இது: "காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுற கும்பல்தான் நாட்டைக் கெடுக்குது. படிச்சவங்களுக்கும் வரி கட்டுறவங்களுக்கும் மட்டும் ஓட்டு இருந்தா போதும். முதல்ல தொழிற்சங்கங்கள் அரசியல் பண்றதைத் தடை பண்ணணும்."

அதற்கு 42 பேர் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். எண்ணிப் பார்த்தேன். பாதிப் பேர் நான் கையைப் பிடித்து 'அ' எழுதச் சொல்லிக்கொடுத்தவர்கள். உங்கள் அப்பா அம்மாக்களில் பலர் பஞ்சாலையிலும் பனியன் கம்பெனியிலும் விசைத்தறியிலும் வேலை பார்த்து உங்களைப் படிக்க வைத்தவர்கள். அந்த 42 கட்டைவிரலைப் பார்த்ததும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குரூப்பில் பதில் எழுதினால் நடுவில் யாராவது குட்மார்னிங் பூ போடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் சங்கத்தில் கடைசி நாள் வரை சந்தா கட்டியவள். மில் தொழிலாளியின் மகள். சங்கக்காரியின் பார்வையில்தான் எழுதுகிறேன், ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. உன் மூன்று வரிக்கும் வரிசையாகப் பதில் சொல்கிறேன் தம்பி.

முதலில் அந்தப் "படிச்சவங்களுக்கு மட்டும் ஓட்டு".

இது உன் கண்டுபிடிப்பு இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1935 இந்திய அரசுச் சட்டத்தின்படி சொத்து, வரி, படிப்பு இருந்தவர்களுக்கே பெரும்பாலும் ஓட்டு. மக்கள்தொகையில் ஏறத்தாழ 14 சதவீதம் பேர்தான் வாக்காளர்கள். சென்னை மாகாணச் சட்டசபையில் 215 இடங்கள். அதில் நிலச்சுவான்தார்களுக்கென்று 6, வணிகம் தொழில் நடத்துவோருக்கு 6, பல்கலைக்கழகத்துக்கு 1. மாகாணம் முழுக்க இருந்த தொழிலாளர்களுக்கும் 6. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாம் சேர்ந்த மாகாணம் அது. அத்தனை பாட்டாளிகளும் ஒரு தட்டில், ஒரு கைப்பிடி மிட்டாதாரர்கள் மறு தட்டில். தராசு சமமாம்!

அந்தச் சட்டம் இன்றும் இருந்திருந்தால் உன் தாத்தாவுக்கு ஓட்டு இருந்திருக்காது. என் தாத்தாவுக்கும் இருந்திருக்காது. 1951-52 தேர்தலில்தான் கைநாட்டு வைக்கிறவர்களும் பண்ணையாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஏழைக்கு நிலம் வருவதற்கு முன்னால், பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால், ஓட்டு வந்தது. பள்ளிக்கூடமும் மதிய உணவும் அந்த ஓட்டைத் தேடி வந்த ஆட்சிகள் கொடுத்தவை. ஓட்டு இருந்ததால்தான் நீ படித்தாய். படித்த பிறகு ஏணியை எட்டி உதைக்கிறாயே, கண்ணு.

வரி கட்டுகிறவர்கள் என்றாயே, வரி கட்டாதவர் யார்? தீப்பெட்டி வாங்கினாலும் வரி, செருப்பு வாங்கினாலும் வரி. வருமான வரி கட்டாதவர்கள் என்று நீ நினைப்பவர்கள் தினம் தினம் கடையில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்து, ஓட்டுப் போட முடியாமல் போகிறவர்கள் யார் என்று பார்க்கலாம். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கண்ணால் பார்த்தேன்.

என் சர்வீஸில் எத்தனையோ தேர்தல் பணி. ஆரம்பத்தில் பி2, அப்புறம் பி1, கடைசியில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். முதல் நாள் சாயங்காலமே போய், பென்ச்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கொசுவத்தி ஏற்றிப் படுத்து, விடிவதற்குள் எழுந்து மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, சீல் வைத்து உட்கார வேண்டும். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவிகளுக்கு இது தெரியும்.

ஒரு தேர்தலில் நேரம் முடிந்தது. வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து முன்னோக்கி டோக்கன் கொடுத்து, கேட்டைச் சாத்தினோம். பத்து நிமிஷம் கழித்து ஒரு பெண் ஓடி வந்தாள். தலைமுடியில் பஞ்சு. நூல் மில்லில் வேலை. "டீச்சருங், ஷிப்டு இப்பத்தானுங்க உட்டாங்க. ஒரே ஒரு ஓட்டுத்தானுங்களே" என்றாள். கையில் பூத் சிலிப், அடையாள அட்டை எல்லாம் சரியாக இருந்தது. முடியாது என்றேன். சட்டப்படி நான் செய்தது சரி. அவள் சண்டை போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "மை மட்டுமாச்சும் வெச்சு உடுங்க டீச்சர், கை வெறுமையாப் போறதுக்கு ஒரு மாதிரியா இருக்குது" என்றாள்.

அதையும் செய்ய முடியாது என்றேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வார்த்தை காதிலேயே நிற்கிறது.

தேர்தல் நாளில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135பி. 1996-ல் சேர்த்தார்கள். தினக்கூலிக்கும் பொருந்தும். லீவு விடாத முதலாளிக்கு என்ன தண்டனை தெரியுமா? 500 ரூபாய் வரை அபராதம். நான் ஒரு சைபரை விட்டுவிடவில்லை. ஐநூறுதான். நூறு பேர் ஓடும் ஷிப்டை நிறுத்தினால் ஆகும் நஷ்டம் எவ்வளவு, 500 ரூபாய் எவ்வளவு? கணக்குத் தெரிந்த எந்த முதலாளி மிஷினை நிறுத்துவான்?

ஓட்டை விற்கிறவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஓட்டைப் போட விடாமல் செய்கிறவரைப் பற்றி எந்த வாட்ஸ்அப் குரூப்பிலாவது பேசியிருக்கிறோமா?

திருப்பூருக்கு வாருங்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் ஊரில் தேர்தல் என்றால் மூன்று நாள் ரயிலும் ஒரு வாரக் கூலியும் போகும். இங்கே பெயர் சேர்க்கலாம் என்றால் முகவரிச் சான்று வேண்டும். பத்துப் பேரை ஒரு அறையில் அடைத்து வைத்திருக்கும் வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பாரா? இருக்கிற இடத்திலிருந்தே ஓட்டுப் போட ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட ஏற்பாடு செய்தது. கட்சிகள் சந்தேகம் கிளப்பின, அது அப்படியே கிடப்பில் போனது. சந்தேகம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் மாற்று வழி என்ன என்று அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

பீகாரில் 2025-ல் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தது. ஆகஸ்ட் 1 வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார், எதற்காக நீக்கப்பட்டார்கள் என்ற பட்டியலையே உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வெளியிட்டார்கள். அடுத்து நம் மாநிலம். டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் போயின. அதில் ஏறத்தாழ 66 லட்சம் "இடம் பெயர்ந்தவர்கள்". இறந்தவர் பெயரை நீக்கத்தான் வேண்டும், இரண்டு இடத்தில் இருக்கும் பெயரையும் நீக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வருஷம் ஒரு வீடு மாறுகிறவர் யார்? சொந்த வீட்டுக்காரரா? கதவைத் தட்டும்போது வீட்டில் இல்லாதவர் யார்? பகல் ஷிப்டுக்குப் போனவர்தானே. ஆவணத்தையும் அலைச்சலையும் கூட்டக் கூட்ட முதலில் உதிர்வது கூலிக்காரர் பெயர். படித்தவருக்கு மட்டும் ஓட்டு என்று யாரும் சட்டம் போட வேண்டியதில்லை தம்பி. நீ கேட்டது பாதி தானாகவே நடந்துகொண்டிருக்கிறது.

இனி அந்தக் காசு விஷயம்.

ஓட்டுக்குக் காசு வாங்குவது தப்பு. கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குபவரும் குற்றவாளி. வகுப்பில் எத்தனை தடவை கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்: 500 ரூபாயை ஐந்து வருஷத்துக்கு, அதாவது 1,826 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 27 காசு. இந்த ஊரில் 27 காசுக்கு ஒரு வேப்பிலைக் கொத்துகூடக் கிடைக்காது. அந்தக் கணக்கை இன்றும் நான் மாற்றவில்லை.

ஆனால் ஒரு கணக்கில் பாதியை மட்டும் போட்டால் விடை தப்பாகத்தான் வரும். அந்த 500 எங்கிருந்து வந்தது? வார்டு செயலாளர் தன் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தா கொடுத்தார்? 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு "திருமங்கலம் ஃபார்முலா" என்று ஒரு வார்த்தையே நம் மொழியில் சேர்ந்துவிட்டது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017-ல் ஆர்.கே. நகர். 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி. பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே நிறுத்தினார்கள். ஒரு சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது, மக்களவை வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல் செய்யக் கூடாது என்று விதி. கட்சிக்கு? உச்சவரம்பே கிடையாது. முன்வாசலுக்குப் பூட்டு, பின்வாசல் அகலத் திறந்திருக்கிறது.

அந்தப் பின்வாசல் வழியாக என்ன வந்தது என்று நமக்கு ஒரே ஒரு தடவை முழுசாகத் தெரிந்தது.

முன்பு ஒரு கம்பெனி தன் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்று கணக்கில் எழுத வேண்டும். 2017-ல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம், யாருக்கு என்று சொல்ல வேண்டாம். 2018-லிருந்து தேர்தல் பத்திரம் என்று ஸ்டேட் வங்கியில் விற்றார்கள். பத்திரத்தில் பெயர் இருக்காது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். 7.5 சதவீத வரம்பை எடுத்ததும் செல்லாது என்றார்கள். விவரங்களைக் கொடுக்க ஜூன் கடைசி வரை அவகாசம் வேண்டும் என்றது வங்கி. உடனே கொடு என்றது கோர்ட். மூன்றே நாளில் பட்டியல் வெளியே வந்தது! 2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் 12,000 கோடிக்கு மேல். அதில் 6,000 கோடிக்கு மேல் மத்தியில் ஆளும் பா.ஜ.க.வுக்கு. அதிகமாகப் பத்திரம் வாங்கியது நம் பக்கத்து ஊரான கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃப்யூச்சர் கேமிங் என்ற லாட்டரி கம்பெனி. 1,368 கோடி. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு. தி.மு.க.வே தேர்தல் ஆணையத்திடம் கொடுத்த கணக்கு இது. 2003-லிருந்து லாட்டரி தடை செய்யப்பட்ட மாநிலம் நம்முடையது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டப்படி வாங்கினோம் என்றார்கள். அன்றைக்குச் சட்டப்படி சரிதான். அந்தச் சட்டம்தான் செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. வாங்கிய பணத்தை ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்போது உங்களைக் கேட்கிறேன். 500 ரூபாய் வாங்கிய கறிவேப்பிலைக்கார அம்மா ரகசிய வாக்கெடுப்பில் தன் இஷ்டத்துக்கு யாருக்கும் போடலாம். யாருக்குப் போட்டார் என்று கொடுத்தவனுக்குத் தெரியாது. 500 கோடி கொடுத்தவர் என்ன கேட்டார், என்ன பெற்றார் என்று கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தெரியும், நமக்குத்தான் தெரியாது. ஏழையின் கையூட்டு தெருவில் எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது. பெரியவர்களின் கொடுக்கல் வாங்கலுக்கு வங்கியே உறை ஒட்டிக் கொடுத்தது. நாட்டைக் கெடுத்த கும்பல் எது என்று நீயே சொல்.

இப்போது மூன்றாவது வரி. தொழிற்சங்கம் அரசியல் பண்ணக் கூடாது என்றாய். இதில்தான் எனக்குக் கோபம்.

என் அப்பா சிங்காநல்லூர் பக்கம் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். சங்கக் கிளையின் பொருளாளர். 1971 தேர்தல் சமயம் எனக்குப் பத்துப் பதினோரு வயது. சம்பள நாளன்று அப்பாவின் மஞ்சள் பையில் இரண்டு ரசீதுப் புத்தகம் இருக்கும். ஒன்று மாதச் சந்தா. இன்னொன்று அரசியல் நிதி. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைக்க மாட்டார். ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் என்னை உட்கார வைத்துக் கூட்டச் சொல்வார். நான் கூட்டல் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்த நாலணா எட்டணா ரசீதுகளில்தான்.

எங்கள் லைன் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுக்காரர் வேறு கட்சி. சந்தா கொடுப்பார், அரசியல் நிதிக்கு ஒரு பைசா கொடுக்க மாட்டார். "உங்க கொடிக்கு என் காசு எதுக்குய்யா?" என்று வாசலில் வைத்தே கேட்பார். அப்பா சிரித்துக்கொண்டு வந்துவிடுவார். ஒரு வருஷம் கழித்து அவரை மில்லில் சஸ்பெண்ட் செய்தார்கள். அவருக்காக அப்பா எத்தனை நாள் சம்பளத்தை விட்டு லேபர் ஆபீசுக்கு நடந்தார் என்று அம்மா கடைசி வரை சொல்லிக் காட்டுவாள். ஏன் நடந்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, "அவன் நிதி குடுக்கலைன்னு கேஸ் எடுக்காம இருந்தா அது சங்கம் இல்ல, கந்துவட்டிக் கடை" என்றார்.

அப்பாவின் பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, 1926 தொழிற்சங்கச் சட்டமே அதைத்தான் சொன்னது. சங்கத்தின் பொதுப் பணத்தை அரசியலுக்குத் தொடக் கூடாது. அரசியலுக்குத் தனி நிதி வேண்டும். அதற்குக் கொடுக்கும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கொடுக்காதவருக்குச் சங்கத்தின் எந்தப் பயனையும் மறுக்கக் கூடாது.

அந்தச் சட்டம் வந்த கதை நம் சென்னையோடு சேர்ந்தது. 1918-ல் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. கூட நின்றார். மில்லை நடத்திய பின்னி கம்பெனி வாடியா மீது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கியது. சங்கம் வைத்ததற்கே வழக்கா என்று நாடு முழுக்க எழுந்த எதிர்ப்பின் விளைவாகத்தான் 1926 சட்டம் வந்தது. அதாவது, சங்கம் அரசியல் பேசலாம், ஆனால் தனிக் கணக்கு, தனி ரசீது, உறுப்பினர் சம்மதம் என்று தொழிலாளிக்கு நூறு வருஷத்துக்கு முன்பே கடிவாளம் போட்டார்கள். அந்தக் கடிவாளம் சரி. நான் அதை ஏற்கிறேன்.

முதலாளிக்கு என்ன கடிவாளம்? கம்பெனி கட்சிக்குக் கொடுக்க இயக்குநர் குழுவின் ஒரு தீர்மானம் போதும். பங்குதாரர்களைக் கேட்க வேண்டாம். அந்த லாபத்தை உண்டாக்கிய தொழிலாளியைக் கேட்கும் பேச்சே இல்லை. தொழிலாளி உழைத்த பணம், தொழிலாளிக்கு எதிரான சட்டம் கொண்டுவரப் போகும் கட்சிக்கும் போகலாம்.

என் கதையைக் கேளுங்கள். அரசு ஊழியர் நடத்தை விதிப்படி நான் ஒரு கட்சிக்குப் பத்து ரூபாய் நிதி கொடுத்தால் ஒழுங்கு நடவடிக்கை. உண்டியல் குலுக்கிக்கொண்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தவள் நான். நஷ்டத்தில் ஓடும் கம்பெனி பேரைச் சொல்லாமல் கோடி கொடுத்தால் அதன் பெயர் நன்கொடை. இந்த இரண்டு விதியும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இருந்தன.

வேலைநிறுத்தம் செய்ய எங்களுக்கு உரிமை இல்லை என்று 2003 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்தைய மாதம்தான் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் தமிழ்நாடு அரசு ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கியது. அந்த நாட்களை எங்கள் தலைமுறை மறக்காது. 2004 மே மாதம் மக்களவைத் தேர்தல் முடிவு வந்தது. ஆளுங்கட்சிக் கூட்டணிக்குத் தமிழ்நாட்டில் ஓர் இடம்கூட இல்லை. ஒரு வாரத்துக்குள் ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் வாபஸ். வேலைநிறுத்தத்தால் முடியாததை மை வைத்த விரல் முடித்தது. சங்கம் அரசியல் பேசக் கூடாது என்றால், வேலைநிறுத்தமும் செய்யக் கூடாது என்றால், மனு எழுதி டேபிளில் வைத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். கூலி வாங்குகிறவர்களுக்குப் பணம் கிடையாது, தலைக்கணக்குதான் இருக்கிறது. தலைக்கணக்கு எடுபடும் ஒரே இடம் வாக்குச்சாவடி.

என் பக்கத்தை மட்டும் வெள்ளையடிக்க மாட்டேன். தேர்தல் பத்திரத்தை வாங்க மாட்டோம் என்று நின்று வழக்கும் போட்ட மார்க்சிஸ்ட் கட்சிக்கும், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் 2019 தேர்தலின்போது தி.மு.க. கொடுத்த தொகை அதன் செலவுக் கணக்கில் வெளியே வந்தது. 10 கோடி, 15 கோடி. வங்கி வழியாக, தேர்தல் செலவுக்காக, கணக்கில் காட்டியே வாங்கினோம் என்றார்கள். ரசீது இருந்தது உண்மை. ஆனால் நாலணா ரசீதை எண்ணி வளர்ந்த எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. பெரிய வீட்டுச் சோறு தின்றால் பெரிய வீட்டு வாசலில் குரல் தாழும். என் தோழர்கள் கோபித்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சில சங்கங்களில் உறுப்பினரைக் கேட்காமலே தலைவர்கள் ஒரு கட்சிக்கு ஆதரவு அறிக்கை விடுகிறார்களே, அதுவும் தப்புதான்.

சரி டீச்சர், என்னதான் வேண்டும் என்கிறீர்களா?

சங்கத்துக்கு 1926-ல் போட்ட விதியைக் கம்பெனிக்கும் போடுங்கள். அரசியலுக்குத் தனி நிதி, பங்குதாரரின் வெளிப்படையான சம்மதம், யாருக்கு எவ்வளவு என்று உடனுக்குடன் ஊரறிய அறிவிப்பு. 20,000 ரூபாய் வரை கொடுப்பவர் பெயரைக் கட்சிகள் சொல்ல வேண்டியதில்லை என்று இன்னும் இருக்கிறது. ஒரு கோடியை 20,000 ஆக நறுக்க ஒரு மதியம் போதும். அந்த ஓட்டையை அடையுங்கள். வேட்பாளருக்கு இருப்பதுபோல் கட்சிக்கும் செலவு வரம்பு வையுங்கள். தேர்தல் நாளில் லீவு விடாதவருக்கு அபராதத்தை, விடாத தொழிலாளி ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று மாற்றுங்கள். பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதற்கு முன் அந்த ஆள் கையில் நோட்டீஸ் சேர்ந்ததா என்று உறுதி செய்வது அரசாங்கத்தின் வேலையாக இருக்கட்டும்.

இதெல்லாம் டில்லியில் நடக்க வேண்டியது. உங்களால் முடிந்ததும் ஒன்று இருக்கிறது.

ஹெச்.ஆர். தம்பிக்குத்தான் சொல்கிறேன். உன் கம்பெனியில் தேர்தலன்று உனக்கு லீவு உண்டு, எனக்குத் தெரியும். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு உண்டா? கழிவறை சுத்தம் செய்யும் அம்மாவுக்கு? கேன்டீனில் தோசை சுடும் பையனுக்கு? அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, கான்ட்ராக்டர் ஆட்கள் என்று சொல்லப் போகிறாய். அந்தக் கான்ட்ராக்டரின் பில்லில் கையெழுத்துப் போடுவது உன் துறைதானே? அடுத்த தேர்தலுக்கு முன்னால் ஒரு சர்க்குலர் அனுப்பு: அன்று சம்பளத்தோடு லீவு, வெளியூர்க்காரர் என்றால் பயணத்துக்கு ஒரு நாள் சேர்த்து. கீழே பிரிவு 135பி என்று எழுது. அனுப்பிவிட்டு அதன் போட்டோவை நம் குரூப்பில் போடு. நான் கட்டைவிரல் இல்லை, இரண்டு கையும் தட்டுகிறேன்.

பனியன் கம்பெனியும் விசைத்தறியும் சொந்தமாக வைத்திருக்கும் என் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் அதேதான். தலைமுடியில் பஞ்சோடு யாரும் சாத்திய கேட்டுக்கு ஓடி வரக் கூடாது.

கமெண்டில் தாராளமாகச் சண்டை போடுங்கள். கட்சிக்காரர்கள் தங்கள் கட்சி பெயர் வந்துவிட்டதென்று கோபிக்காமல், எண் தப்பாக இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். வசவு வார்த்தை வந்தால் அழித்துவிடுவேன், வயதானாலும் டீச்சர் டீச்சர்தான். எழுத்துப்பிழை கண்டுபிடிப்பவர்கள், அன்று நான் உங்களுக்குக் குறைத்த மார்க்கை இன்று எனக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

பெங்களூர்த் தம்பி, ஆசிரியர் தினம் வரைக்கும் காத்திருக்காதே. நாளைக்கே போன் பண்ணு. கோபத்தில் எழுதினாலும் நீ என் பிள்ளைதான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்